நாயின் முடி உதிர்ந்தால் முதலில் தோலைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு காலையில் எங்கள் தெருக்கோடி வீட்டுச் சிறுவர்கள் இருவர் ஒரு தெருநாயைச் சாக்கில் சுற்றி என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் உடல் முழுவதும் லாரிப் பட்டறையில் வடித்தெடுத்த கழிவு ஆயில் பூசப்பட்டிருந்தது. காதோரத்திலும் முழங்கையிலும் வயிற்றிலும் ஒரு முடி கூட இல்லாமல், தோல் தடித்து மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. "சொறிக்கு இதுதான் மருந்து என்று பட்டறை அண்ணன் சொன்னார், தாத்தா" என்றான் மூத்தவன். அந்த நாய் இரவெல்லாம் சொறிந்து முனகியதைக் கேட்கப் பொறுக்காமல் அவர்கள் செய்த காரியம் அது என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நாய் நடுங்கிக்கொண்டு, தன் முன்னங்காலில் இருந்த ஆயிலை நக்கிக்கொண்டிருந்த காட்சிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களின் அரசு கால்நடை மருந்தகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி மாடுகளோடும் ஆடுகளோடும் கழிந்தது என்றாலும், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை இனங்களின் சொந்த மண் இது என்பதால் நாய்களும் நாள்தோறும் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் சொன்ன குறைகளில் "முடி கொட்டுகிறது, ஏதாவது மருந்து கொடுங்கள்" என்பதைப் போல அடிக்கடி நான் கேட்டது வேறொன்றும் இல்லை. காய்ச்சல் என்பது எப்படி ஒரு தனி நோயின் பெயர் இல்லையோ, அப்படியே முடி உதிர்வதும் ஒரு தனி நோய் இல்லை. தோலில் குடியேறிய சிற்றுண்ணியாலும் உதிரும், பூஞ்சையாலும் உதிரும், தெள்ளுப்பூச்சி கடித்த ஒவ்வாமையாலும் உதிரும், தைராய்டு சுரப்பி தளர்ந்தாலும் உதிரும். ஒன்றுக்கு உயிர் காக்கும் மருந்து மற்றொன்றில் நோயைக் கிளறிவிடும். ஆகவே காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் பூசவோ ஊசி போடவோ கூடாது என்பதை வாசகர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்வதே என் நோக்கம்.

முதலில், கவலைப்பட வேண்டாத முடி உதிர்வும் உண்டு. பருவம் மாறும்போது பழைய முடி கழிந்து புதிய முடி முளைப்பதும், குட்டி ஈன்ற பெண் நாய்க்கு ஓரிரு மாதங்களில் உடல் முழுவதும் முடி மெலிவதும் இயல்பானவை. அப்போது தோல் சுத்தமாக இருக்கும், வழுக்கைத் திட்டுகள் இரா, அரிப்பும் இராது. கடினமான தரையில் படுக்கும் பெரிய நாய்களின் முழங்கையில் காய்ப்பு ஏறி முடி இல்லாமல் போவதும் அழுத்தத்தால் வருவதுதான். அதற்கு ஒரு தடித்த சாக்கோ மெத்தையோ போட்டால் போதும். இவை தவிர்த்த மற்றவற்றில், நாயை வைத்திருப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, "இது சொறிகிறதா, சொறியவில்லையா?" என்பது. முடி போன பிறகு சொறிகிறதா, சொறிந்து சொறிந்து முடி போனதா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் உண்மையான விடையைச் சொல்லிவிட்டால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

சிறுவர்கள் கொண்டுவந்த நாய்க்கு இருந்தது சார்கோப்டிஸ் என்ற சிற்றுண்ணியால் வரும் சொறி. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத இந்த உண்ணியின் பெண் இனம் மேல்தோலில் சுரங்கம் தோண்டி, அதற்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். அந்த உண்ணிகளுக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையால்தான் தாங்க முடியாத அரிப்பு வருகிறது என்பதால், மிகச் சில உண்ணிகள் இருந்தாலே ஒரு நாய் ஊணும் உறக்கமும் இழந்துவிடும். காது மடலின் விளிம்பு, முழங்கை, பின்னங்காலின் குதிமூட்டு, அடிவயிறு என்று முடி குறைந்த இடங்களில் அது தொடங்கும். காது நுனியை விரல்களுக்கிடையில் வைத்து மெல்லத் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகவே சொறிவதுபோல் ஆடினால், இந்த நோயின் மீது எங்களுக்குச் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தும் உண்ணி அகப்படாமல் போவது இந்த நோயில் மிகவும் சாதாரணம். எனவே ஒருமுறை உண்ணி தென்படவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறிகுறிகள் பொருந்தினால் மருந்து கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருக்கும்.

இது மற்ற நாய்களுக்கு எளிதில் பரவும். நாயைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர்களின் கையிலும் வயிற்றிலும் சிவந்த சிறு கொப்புளங்களாக அரிப்பை உண்டாக்கும். ஆனால் நாயின் சொறி உண்ணியால் மனிதத் தோலில் தலைமுறை தலைமுறையாகப் பெருக முடியாது. நாய் குணமானால் வீட்டிலுள்ளவர்களுக்கும் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். இதை அறியாமல் பயந்துபோய், பல ஆண்டுகள் வளர்த்த நாயைக் கண்மாய்க்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த குடும்பங்களை நான் அறிவேன். வீட்டில் மூன்று நாய்கள் இருந்து ஒன்றுக்கு மட்டும் சொறி தெரிந்தாலும் மூன்றுக்கும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று குணமாகும்போது மற்றொன்றில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

கழிவு ஆயில், மண்ணெண்ணெய், டீசல், பூச்சிமருந்து ஆகியவற்றைப் பூசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஆயில் பூசினால் உண்ணி மூச்சுத் திணறிச் சாகும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். புண்பட்ட தோல் வழியாகவும், நக்குவதால் வாய் வழியாகவும் அந்த ஆயிலில் கரைந்துள்ள உலோகங்களும் எரிந்த எண்ணெயின் நச்சும் நாயின் உடலுக்குள் போகின்றன. தோல் வெந்து உரிகிறது; கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன; குட்டியாக இருந்தால் இறந்தே போகும். ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் அதன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவக் கூடாது. சமையல் எண்ணெயைத் தடவி ஆயிலை இளக்கித் துணியால் துடைத்தெடுத்து, பிறகு பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, நாய் நக்காதபடி பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அன்று என் வீட்டு முற்றத்தில் அந்தச் சிறுவர்களை வைத்துக்கொண்டே இதைச் செய்தேன். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

சொறிக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர் ஆகியவற்றில் ஒன்றை மாத்திரையாக வாயில் கொடுத்தால் உண்ணிகள் மடிகின்றன. மாதம் ஒருமுறை கொடுக்க வேண்டியவையும் உண்டு. ஒரே மாத்திரை 12 வாரங்கள் வரை வேலை செய்வதும் உண்டு. நான் பணியில் சேர்ந்த காலத்தில் வாராவாரம் மருந்து நீரில் முக்கியெடுத்து, நாயும் நாங்களும் படாத பாடு பட்டதை நினைக்கையில் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது எனக்குத்தான் தெரியும். இந்த மருந்து வகையால் சில நாய்களுக்கு வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்திருக்கிறது. ஆகவே முன்பு வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையின் விலை எளிய குடும்பங்களுக்குச் சுமைதான். அதனால்தான் பலர் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் குப்பியை நாடுகிறார்கள்.

அந்தக் குப்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐவர்மெக்டின் மகத்தான மருந்து. அதைக் கண்டறிந்த வில்லியம் கேம்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மருத்துவரின் கையில் அது நாய்ச் சொறியையும் குணமாக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் 1 விழுக்காடு ஊசி மருந்து மாட்டின் எடைக்காகச் செய்யப்பட்டது: 50 கிலோ எடைக்கு 1 மில்லி லிட்டர். அதே கணக்கில் பார்த்தாலும் 10 கிலோ நாய்க்கு 0.2 மில்லி லிட்டர்தான் வரும். எடை பார்க்காமல், கண்மதிப்பில் அரை சிரிஞ்சு ஏற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம். தள்ளாட்டம், கண்ணின் பாவை விரிதல், பார்வை போதல், வலிப்பு, நினைவிழப்பு என்று அது போகும். அதை முறிக்கத் தனி மாற்று மருந்து கிடையாது. கோலி முதலான மேய்ச்சல் இன நாய்கள் பலவற்றில் இந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணு பழுதுபட்டிருப்பதை 2001-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த நாய்களுக்குச் சொறிக்கான வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். கலப்பினக் குட்டிகளை வாங்கி வளர்ப்பது பெருகிவிட்ட இந்நாளில், எந்த நாயின் இரத்தத்தில் எந்த இனம் கலந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

இனி, என் மனதை இன்றும் அரிக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1991-ல், பணியில் சேர்ந்த புதிதில், நான்கு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை ஒரு விவசாயி கொண்டுவந்தார். கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் முன்னங்காலிலும் முடி உதிர்ந்து, தோல் சிவந்திருந்தது. அன்று மருந்தக வாசலில் நாற்பது மாடுகள் நின்றன. தோலைச் சுரண்டிப் பார்க்க நேரமில்லை என்று எண்ணி, ஒவ்வாமையாக இருக்கும் என்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் சிவப்பு மறைந்ததாக அவர் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார்; நான் மறுபடியும் போட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தக் குட்டி உடல் முழுவதும் முடியிழந்து, பாதங்கள் வீங்கி, சீழ் வடிந்து வந்தது. அன்றுதான் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தேன். சுருட்டைப் போல நீண்ட உடலும் குட்டையான கால்களும் கொண்ட டெமோடெக்ஸ் உண்ணிகள் கண்ணாடித் தகடு முழுவதும் நெளிந்தன. குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த விவசாயி என்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கு நடந்தது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

டெமோடெக்ஸ் உண்ணி முடியின் வேர்ப்பையில் வாழ்வது. குட்டி பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது. நலமான நாய்களின் தோலிலும் அது சிறிய அளவில் இருக்கும். எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைத்திருக்கும். அந்த ஆற்றல் முதிராத குட்டிகளில் அது பெருகி முடியை உதிர்க்கிறது. மனிதர்களுக்கு இது தொற்றாது. ஓரிரு சிறு திட்டுகளோடு நிற்கும்போது பெரும்பாலான குட்டிகள் தாமாகவே தேறிவிடும். அந்த நேரத்தில் நல்ல உணவும் குடற்புழு நீக்கமும் பொறுமையும் போதும். ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து என்பதால், நான் செய்ததுபோல அதைக் கொடுத்தால் உண்ணிக்குக் கதவைத் திறந்து விட்டதாகும். உடல் முழுவதும் பரவிவிட்டால், மேலே சொன்ன மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுத்து, ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனைகளில் தொடர்ந்து உண்ணியே தென்படாத பிறகுதான் நிறுத்த வேண்டும். முடி முளைத்துவிட்டது என்று பாதியில் நிறுத்துவதால் நோய் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உடல் முழுவதும் பரவிய நோயிலிருந்து தேறிய நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, ஏனெனில் அந்தக் குறைபாடு குட்டிகளுக்கும் போகும். நல்ல வேட்டைக்காரன் என்ற பெயருக்காகவே இப்படிப்பட்ட ஆண் நாய்களைச் சேர்க்கைக்கு விடும் பழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. நாட்டு இனங்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அவற்றை நலிவடையச் செய்யும் காரியம் அது. வயது முதிர்ந்த நாயில் முதன்முறையாக டெமோடெக்ஸ் தோன்றினால், அதன் பின்னால் சுரப்பி நோயோ புற்றுநோயோ நீண்டநாள் ஸ்டீராய்டோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அன்று நான் செய்யாமல் விட்ட தோல் சுரண்டல் சோதனைக்கு வேண்டியவை மழுங்கிய கத்தி ஒன்று, ஒரு துளி பாரஃபின் எண்ணெய், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி, பத்து நிமிட நேரம். தோலை இரண்டு விரல்களால் பிதுக்கி, இலேசாக இரத்தம் கசியும் வரை சுரண்ட வேண்டும், அவ்வளவுதான்.

படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றிலும் இதே ஸ்டீராய்டுதான் வேறு உருவில் வந்து கெடுக்கிறது. வட்டமாக முடி உதிர்ந்து, விளிம்பில் செதில் உரிவதைக் கண்டதும், வீட்டில் யாருக்கோ வாங்கிய களிம்பை எடுத்து நாய்க்கும் தடவுகிறார்கள். பூஞ்சைக் கொல்லியும் பாக்டீரியாக் கொல்லியும் ஸ்டீராய்டும் ஒன்றாய்ச் சேர்ந்த அந்தக் களிம்புகள் சிவப்பையும் அரிப்பையும் மறைத்துவிடுவதால் குணமானதுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு நாய் அதை நக்கி விழுங்கிவிடும். நாய்களில் இதைப் பெரும்பாலும் உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை குழந்தைகளுக்கும் தொற்றும். பூனைகள் நோய்க்குறி எதுவும் காட்டாமலே அதைச் சுமந்து திரியும். புற ஊதா விளக்கொளியில் பச்சையாக ஒளிர்வதை வைத்து அறியலாம் என்றாலும் எல்லா வகைகளும் ஒளிர்வதில்லை; முடியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் இரண்டு மூன்று வாரங்களில் உறுதியாகும். மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த மருந்து ஷாம்பூவால் உடல் முழுவதும் குளிப்பாட்டி, தேவைப்பட்டால் இட்ராகோனசோல் போன்ற மருந்தை உள்ளுக்கும் கொடுக்க வேண்டும். பூஞ்சை வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் உதிர்ந்த முடியைக் கூட்டிப் பெருக்கி அப்புறப்படுத்துவதும் படுக்கையைத் துவைப்பதும் மருந்தளவுக்கே முக்கியம். குட்டை முடி கொண்ட நம் நாட்டு நாய்களில் பாக்டீரியாவால் வரும் தோல் அழற்சியும் இதேபோல் வட்ட வட்டமாக, அந்துப்பூச்சி அரித்த கம்பளிபோலத் தெரியும். வட்டத்தைக் கண்ட மாத்திரத்தில் படர்தாமரை என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

சொறிந்து முடி உதிர்க்கும் நாய்களில் பெரும் எண்ணிக்கையானவை தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையால் துன்புறுபவை. முதுகின் பின்பாதியிலும் வாலின் அடியிலும் முடி போயிருந்தால் முதலில் தெள்ளையே சந்தேகிக்க வேண்டும். "எங்கள் நாயிடம் ஒரு தெள்ளு கூட இல்லை" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் போட்டுப் பாருங்கள்; செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளு கழித்த இரத்தம். நாயின் மேல் இருப்பவை ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளில் 5 விழுக்காடு அளவே; மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரை இடுக்கிலும் பாயிலும் மணலிலும் கிடக்கின்றன. ஆகவே நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டுப் படுக்கையை வெயிலில் காயப்போடாமலும் துவைக்காமலும் விட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். நாய்க்கான சில தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லக்கூடியது. பூனையும் உள்ள வீட்டில் இதை மறந்துவிடக் கூடாது. தெள்ளு இல்லை, உண்ணி இல்லை, இருந்தும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் ஒரு லாப்ரடார் தன் பாதங்களை ஓயாமல் நக்கி, காதைக் குடைந்து, அக்குளைச் சொறிகிறது என்றால், வீட்டுத் தூசியோ மகரந்தமோ உணவோ ஒவ்வாமல் போயிருக்கலாம். உணவா என்பதை அறிய, அதுவரை உண்ணாத ஒரே வகை உணவை 8 வாரங்கள், இடையில் ஒரு பிஸ்கட் கூடக் கொடுக்காமல், தர வேண்டும். இந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் கட்டுக்குள் வைக்க வேண்டியது என்பதை மருத்துவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், மக்கள் ஊசிக்காக ஒவ்வொரு மருத்துவராகத் தேடி அலைய மாட்டார்கள்.

இனி, சொறியாமலே முடி உதிர்வது. நடுவயது நாய்க்கு உடலின் இரு பக்கமும் ஒரே மாதிரியாக முடி மெலிந்து, வால் எலிவால் போலாகி, அளவாகத் தின்றும் எடை கூடி, எப்போதும் சோம்பிப் படுத்திருந்தால் தைராய்டு குறைவா என்று பார்க்க வேண்டும். வேறு நோய்களும் ஸ்டீராய்டும் கூட தைராய்டு அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் ஒரே ஒரு இரத்தச் சோதனையை வைத்து முடிவு செய்வது சரியில்லை. உறுதியானால் லெவோதைராக்ஸின் மாத்திரையை ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். சில மாதங்களில் முடி திரும்ப வளர்வதோடு நாயும் பழைய துடிப்புக்கு வருவதைக் காண்பது மருத்துவருக்கும் மகிழ்ச்சி தருவது. தண்ணீர் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் கழித்து, வயிறு தொங்கி, தோல் தாளாக மெலிந்தால் குஷிங் நோய். அட்ரினல் சுரப்பி தானாக மிகுதியாகச் சுரப்பதாலும் அது வரும். ஆண்டுக்கணக்கில் அரிப்புக்கு ஸ்டீராய்டு போட்டதாலும் வரும். பின்னதை நாமே உண்டாக்குகிறோம். அதற்காக ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து, மருத்துவர் சொல்லும் வகையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். விதை கீழிறங்காத வயதான ஆண் நாய்க்கு முடி உதிர்ந்து முலைக்காம்பு பெருத்தால் விதையில் கட்டி இருக்கலாம். அறுவை மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோடை வந்தால் பொமரேனியன் நாய்க்கு மொட்டை அடிக்கும் வழக்கம் நகரங்களில் பரவியிருக்கிறது. (நம் வீடுகளில் அப்பெயரால் வழங்குபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்றாலும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றே.) இரட்டை அடுக்கு முடியுள்ள இந்த இனங்களுக்கு ஒட்ட மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி முளைக்காமலே போகலாம். அந்த முடி வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. நிழலும் தண்ணீரும் கொடுத்து, உதிரும் உள்முடியை நாள்தோறும் வாரிவிட்டாலே கோடை கழிந்துவிடும்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடி ஏறத்தாழ முழுக்கப் புரதத்தால் ஆனது. பாலும் சோறும், தயிரும் சோறும் மட்டுமே தின்று வளரும் நாய்க்கு அந்தப் புரதமும் கொழுப்பும் துத்தநாகமும் எங்கிருந்து கிடைக்கும்? முடி மின்ன வேண்டும் என்று பச்சை முட்டை கொடுப்பவர்கள் உண்டு. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள், முடிக்குத் தேவையான பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும். அதே முட்டையை வேகவைத்துக் கொடுத்தால் நல்லது. மனிதருக்கான சோப்பால் அடிக்கடி குளிப்பாட்டுவதும் தவறு. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் காரத்தன்மையும் வேறு.

கால்நடை பராமரிப்புத் துறையிடம் தங்கள் நாளிதழ் வழியாக எனக்கு இரண்டு கோரிக்கைகள் உள்ளன. முடி உதிர்வோடு வரும் எந்த நாய்க்கும் தோல் சுரண்டல் சோதனை செய்யாமல் ஸ்டீராய்டு போடுவதில்லை என்பதை ஒவ்வொரு மருந்தகத்திலும் நடைமுறையாக்க வேண்டும்; நுண்ணோக்கி பழுதாகியோ அலமாரியில் பூட்டப்பட்டோ கிடக்கும் இடங்களில் அதைச் சரிசெய்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே முடியாத சோதனைகளுக்கு மாவட்டத்தின் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கும், வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்பலாம் என்பது பொதுமக்களுக்குத் தெரியும்படி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். இரண்டாவது, 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடைக்காகவும் வெறிநோய்த் தடுப்பூசிக்காகவும் பிடிக்கப்படும் தெருநாய்கள் எப்படியும் ஒரு மருத்துவரின் கைக்கு வருகின்றன. அப்போதே சொறிக்கும் மருந்து கொடுத்துவிடுவது சில இடங்களில் நடக்கிறது. எல்லா நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் நடக்க வேண்டும். முடியில்லாத நாயைக் கண்டால் வெறிநாய் என்று பயந்து கல்லெறிகிறார்கள். சொறி வேறு, வெறிநோய் வேறு. முடி உதிர்வது வெறிநோயின் அறிகுறியே இல்லை. ஆனால் வலியிலும் அரிப்பிலும் இருக்கும் தெருநாயைப் பழக்கமில்லாதவர்கள் தொட்டுத் தூக்கினால் கடிக்கக்கூடும் என்பதால், சிறுவர்கள் அதைத் தாங்களே பிடிக்கக் கூடாது. பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். என் வாசலுக்கு வந்த இருவருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

நாயை மருத்துவரிடம் கொண்டுபோகும் வாசகர்கள், முடி முதலில் எந்த இடத்தில் உதிர்ந்தது, எத்தனை நாளாயிற்று, சொறிகிறதா, வீட்டில் வேறு நாய் பூனைக்கோ மனிதருக்கோ அரிப்பு உண்டா, என்ன உண்கிறது, இதுவரை என்ன மருந்து பூசினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்திய களிம்புக் குழாயையும் மாத்திரை அட்டையையும் தவறாமல் உடன் கொண்டுபோங்கள். அதற்கு முந்தைய நாள் குளிப்பாட்டாதீர்கள். தோலின் மேல் உள்ள தடயங்கள் கழுவிப் போய்விடும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
ராஜபாளையம்.